பூனை சுவாசித்த காற்று

எங்கள் அலுவலகப் பூனை பரம சாது, ஐயா. கழுத்தில் எதைக் கட்டினாலும் முறைக்காது. அதன் மகளுக்கும் பேத்திக்கும் அதே குணம்தான்.

கப்பல் பட்டறையில் நான் பாதுகாப்பு அதிகாரி. பழைய கப்பல்களின் நீராவிக் குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் உறை சுற்றியிருக்கும். அதைக் கிழிப்பவர்கள் எவ்வளவு தூசியைச் சுவாசிக்கிறார்கள் என்று அறிய, காற்றை இழுக்கும் சின்னக் கருவி ஒன்றை அவர்கள் காலரில் மாட்டி அனுப்ப வேண்டும். அதில் தூசி படியும் வடிதாள் பிறகு ஆய்வகத்துக்குப் போகும். அளவு மீறினால் பட்டறைக்குப் பூட்டு. நான் கருவியைப் பூனைக்கு மாட்டினேன். அது என் ஜன்னலோரம் கடல் காற்றில் தூங்கியது.

வடிதாள் வெள்ளை வெளேரென்று இருந்ததால் ஆய்வகத்தில் சந்தேகப்பட்டார்கள். கப்பல் பட்டறைக்கு அவ்வளவு சுத்தம் ஆகாது, என் தப்புதான். அடுத்த முறை, மாவு சலித்துக்கொண்டிருந்த கேன்டீன் சமையல்காரரிடம் கொடுத்தேன்.

"இதக் கட்டிக்கிட்டா சம்பளம் ஏறுமா சார்?"

"மரியாதை ஏறும்" என்றேன்.

நம்பும்படியாகக் கொஞ்சம் தூசி, ஆஸ்பெஸ்டாஸ் நார் மட்டும் துளியும் இல்லை. பாராட்டுச் சான்றிதழே வந்தது. அதன் பிறகு பூனையும் சமையல்காரரும் முறை வைத்துக்கொண்டார்கள்.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். என் தங்கைக்காகத்தான். அவள் கணவர் உறை கிழிப்பவர், வேலை வாங்கிக் கொடுத்ததே நான். பட்டறையை மூடினால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. சான்றிதழைப் பார்த்ததும் மாப்பிள்ளை முகமூடியைக் கழற்றிவிட்டார். "மச்சானே சொல்லிட்டாரு, அப்புறம் எதுக்கு இந்த மூக்கடைப்பு?" என்றார். அதிகாரியின் மாப்பிள்ளையே கழற்றினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நான் யாரையும் கழற்றச் சொல்லவில்லை.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தங்கை அவருடைய வேலை உடுப்பைக் கொல்லை வாசலில் உதறிக்கொண்டிருந்தாள். முந்தானை முழுக்க வெள்ளைத் தூசி.

"அண்ணா, இதத் தனியா ஊற வெக்கணுமா? உதறுனா தொண்டையெல்லாம் அரிக்குது."

"வெறும் தூசிதாம்மா. போய் எலையப் போடு" என்றேன். சந்தோஷமாகப் பரிமாறினாள்.

அந்தத் தூசி நெஞ்சுக்குள் வருஷக்கணக்கில் பதுங்கியிருக்கும். இப்போது படுத்திருப்பது மாப்பிள்ளை இல்லை, தங்கை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. எந்தக் கப்பலில் வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். "துணிதான் துவைச்சேன்" என்றாளாம். தினமும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன், ஐயா. அண்ணன் இல்லையா.

என்னையும் பரிசோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. கப்பலுக்குள் போய்வந்த நாளெல்லாம் பட்டறையிலேயே தலைக்குக் குளித்து, உடுப்பை அங்கேயே பையில் கட்டிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பிள்ளைகள் இருக்கிற வீடு, பாருங்கள்.