கை வைக்கும் இடம்

விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் வெறும் பொட்டலாகக் கிடக்கும் சாலை... அதன் ஓரமாக ஒரு பழைய லாரி நின்றது. முதலில் பார்த்தவர் பால் வண்டிக்காரர். லாரியின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இண்டிகேட்டர் எரிந்து அணைந்தது... டிக்... டிக்... டிக். டிரைவர் எங்காவது ஒதுங்கப் போயிருப்பார் என்று அவர் தாண்டிப் போயிருப்பார். ஆனால் சீட்டில் ஆள் இருந்தது. முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டு, தலையை லேசாகச் சாய்த்து, காற்று வாங்குகிற மாதிரி இருந்தது. பால்காரர் இறங்கிப் போய், என்ன அண்ணே, ஏதும் பிரச்சனையா என்று கேட்டு அந்தக் கையைத் தொட்டார். கை ஜில்லென்று இருந்தது.

மாரடைப்பு. நெஞ்சைப் பிசைந்தபோதுகூட வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, இண்டிகேட்டரும் போட்டுவிட்டுத்தான் மனிதர் போயிருக்கிறார். அவ்வளவு பொறுப்பு.

இதற்கே போர்வையை இழுத்துக்கொண்டால் எப்படி? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கடைசியில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே தள்ளி வாருங்கள்.

போனவர் என் நண்பனின் அண்ணன். ஆனால் கதை அவருடையது இல்லை, நண்பனுடைய அண்ணியுடையது. நண்பன் வாய் ஓயாத ஆள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாலும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். இதை மட்டும் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னான். அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டே.

அண்ணிக்கு ஒரு சலவைக்கடையில் வேலை. ஓட்டல் துண்டு, ஆஸ்பத்திரி விரிப்பு, கல்யாண மண்டபத்து மேசைத் துணி... நாள் முழுக்க நீராவியும் சோப்பு வாசனையும்தான். புருஷன் போன அன்றைக்கு அண்ணி அழவில்லை. மறுநாளும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். கல்லாவது வெயிலில் சுடும். அண்ணிக்கு எதுவுமே படவில்லை. சாப்பிட்டால் ருசி தெரியவில்லை. ஒரு நாள் கடையில் இஸ்திரிப் பெட்டி விரலில் பட்டது... தோல் பொசுங்கிய வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் விரலை எடுத்தாள். மருந்து போட்டுக்கொண்டு அடுத்த விரிப்பை மடித்தாள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளை உறுத்தியது. மகள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை.

லாரியைக் கொண்டுவந்து வீட்டுப் பக்கச் சந்தில் நிறுத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் அதில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். வீட்டுப்பாடம் அங்கேதான். பிஸ்கட் தின்பதும் அங்கேதான். பாவம், அப்பா நினைப்பு என்று முதலில் விட்டுவிட்டார்கள். பிறகு உள்ளேயிருந்து பேச்சுக்குரல் கேட்க ஆரம்பித்தது. மகள் ஏதோ சொல்வாள்... நிறுத்துவாள்... இன்னொருவர் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு இடைவெளி விடுவாள்... சிரிப்பாள். வீட்டுக்குள் வந்தால் வாயில் பூட்டு. அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் இறங்க மாட்டாள். கைகால் குச்சி குச்சியாகிவிட்டது.

புருஷனைக் கொண்டுபோன வண்டி பிள்ளையையும் கொண்டுபோய்விடும் என்று அண்ணிக்குத் தோன்றியது. பயமாகக்கூட இல்லை, ஒரு கணக்கு மாதிரித்தான் தோன்றியது. விற்றுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

நண்பன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். சக்கரத்துக்கு மேல் வளைவில் துரு. பின்கதவின் கீல்களில் துரு. கதவுகளின் அடியில் தகடு அப்பளமாக உதிர்ந்தது.

"அண்ணி, இத இப்படியே காட்டினா பழைய இரும்புக் கடைக்காரன்கூட தராச எடுக்க மாட்டான்," என்றான்.

டிங்கர் கடையில் கேட்ட கூலிக்குப் புது வண்டியே வாங்கலாம் போலிருந்தது. நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பன் கம்பி பிரஷ், உப்புத்தாள், தின்னர், துருவுக்கு மேல் அடிக்கும் சிவப்பு பிரைமர், பள்ளம் நிரப்பப் பட்டி எல்லாம் வாங்கி வந்தான். லீவு நாட்களில் இரண்டு பேரும் உட்கார்ந்து சுரண்டினார்கள். சர்... சர்... சர்... செம்மண் மாதிரித் தூள் கொட்டியது. துரு போய்த் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, தின்னரில் துடைத்து, பிரைமர் அடித்து, பட்டி பூசி, மறுபடி தேய்த்து, பெயிண்ட். நண்பனின் வாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டேயிருந்தது. அண்ணி தேய்த்தாள். அவ்வளவுதான்.

டிரைவர் கதவில், ஜன்னல் கண்ணாடி இறங்குகிற விளிம்பில் ஒரு இடம் இருந்தது. வருஷக்கணக்கில் அண்ணன் கை போட்டுக்கொண்டு ஓட்டிய இடம். வியர்வை பட்டுப் பட்டுப் பெயிண்ட் தேய்ந்து, ஒரு முழங்கை நீளத்துக்குத் துரு பிடித்திருந்தது. அண்ணி அதில் உள்ளங்கையை வைத்தாள். சந்தில் நாள் முழுக்க நிழல்தான், மற்ற தகடெல்லாம் ஜில்லென்று இருந்தது. அந்த இடம் மட்டும் வெதுவெதுவென்று... வெயில் சூடு இல்லை, காய்ச்சல் பார்க்கத் தொட்டால் கையில் தெரியுமே, அந்தச் சூடு.

அண்ணி கையை எடுக்கவில்லை. அலறவும் இல்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, உப்புத்தாளை மடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மற்ற துருவில் ஈர இரும்பு வாசனை வந்தது. இதில் வியர்வை வாசனை வந்தது. தேய்த்து, துடைத்து, பெயிண்ட் அடித்துவிட்டு உள்ளே போனாள்.

காலையில் பார்த்தால், அந்த இடத்துப் பெயிண்ட் இல்லை. அதே நீளத்துக்குத் துரு.

பனி ஈரம் பட்டிருக்கும் அண்ணி, சரியாகக் காய விடவில்லை என்றான் நண்பன். மறுபடி செய்தார்கள். மறுபடியும் வந்தது. சக்கர வளைவு சொன்ன பேச்சைக் கேட்டது, கீல் கேட்டது, அப்பளமாக உதிர்ந்த அடித்தகடுகூடக் கேட்டது. இந்த ஒரு விளிம்பு மட்டும் கேட்கவில்லை. நண்பன் தானே தேய்க்கிறேன் என்று அதில் கையை வைத்தான். சட்டென்று எடுத்துவிட்டான். அன்றைக்கு முழுக்க அவன் வாயே திறக்கவில்லை.

கடைசியில் ஒரு வெல்டரைக் கூப்பிட்டார்கள். விளிம்பை அப்படியே வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம் என்று ஏற்பாடு. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வழக்கம்போல் ஏறி உட்கார்ந்திருந்தாள். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. கண்ணில் தீப்பொறி படாமல் முகத்தை மட்டும் ஒரு துண்டால் மூடிவிட்டு வெல்டர் வேலையைத் தொடங்கினார். கிரைண்டர் கிறீச்சென்று கத்தியது. தகடு துண்டாகி 'டங்'கென்று தரையில் விழுந்தது. மெஷினை நிறுத்தினார். சந்தே அமைதியாகிவிட்டது. மகள் துண்டை விலக்கிப் பார்த்தாள்.

"அம்மா... இனி அப்பா கைய எங்க வைப்பாரு?"

வெல்டர் புதுத் தகட்டை அவசரமாகப் பற்றவைத்தார். கூலியை வாங்கிக்கொண்டு, டீ கொடுத்தும் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு துரு வரவில்லை. அண்ணி தினமும் காலையில் போய்த் தொட்டுப் பார்த்தாள். பெயிண்ட் வழவழவென்று, ஜில்லென்று இருந்தது. மகள் லாரியில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். அண்ணி கூப்பிடாமலேயே ஒரு நாள் வீட்டுக்குள் வந்து, தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். காய்கறி ஏற்றுகிற ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார், குறை கண்டுபிடிக்க முடியாமல் ஹாரன் சத்தம் சரியில்லை என்றார். வண்டி கைமாறியது. சந்து காலியாகி, எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. தப்பித்தோம் என்று நினைத்தான் நண்பன். அண்ணியும் அப்படித்தான் நினைத்தாள். நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை சாப்பிடுகிறது, ராத்திரி தன்னோடு ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. அது போதும் என்று இருந்தாள்.

வண்டி போன சில நாட்களில், காலையில் எழுந்தபோது தன் இரவு உடையில் ஒரு கறையைப் பார்த்தாள். இடுப்புக்குக் குறுக்கே, பட்டையாக, பழுப்புச் சிவப்பில்... ஒரு முழங்கை அகலத்துக்கு.

அது துருக்கறை என்று சலவைக்கடைக்காரிக்கு யார் சொல்ல வேண்டும்? பிளீச்சில் போட்டால் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு வெயிலில் காயவைத்தால் போய்விடும். பழைய ஆணியில் தொங்கி வருகிற ஓட்டல் துண்டுகளுக்கு அவள் தினமும் செய்கிற வேலை. ஆனால் அன்றைக்கு அவள் எலுமிச்சை நறுக்கவில்லை. உடையை மடித்து வைத்து, இரவு அதையே உடுத்திக்கொண்டாள். விளக்கை அணைத்துப் படுத்துக் கொஞ்ச நேரத்தில் இடுப்பில் ஒரு கனம் வந்து விழுந்தது. வெதுவெதுவென்று... அது யார் கை என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. கனம் பழகிய கனமாக இருந்தது. அவர் போனதிலிருந்து அன்றைக்குத்தான் விடியும்வரை தூங்கினாள். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கறை ஒவ்வொரு நாளும் கூடுதலாகக் கறுத்தது. அவள் உடையை மாற்றவேயில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று மகளை எழுப்பப் போனாள். வெளிச்சம் ஜன்னல் வழியாக நேராகப் படுக்கையில் விழுந்தது. போர்வையை விலக்கினாள்.

அண்ணியின் உடையில் இருந்த கறை அங்கேயே முடியவில்லை. விரிப்பில் மணிக்கட்டு அகலத்துக்குத் தொடர்ந்து ஓடி, மகளின் சட்டைக் கைக்கு வந்திருந்தது. அங்கே அது பட்டையாக இல்லை. நான்கு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் மறுபக்கம்... இறுகப் பிடித்திருந்தது.

பிள்ளை தன்மேல் ஆசையாக ஒட்டிக்கொண்டு படுக்கிறாள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அப்போதுதான் அண்ணிக்கு எல்லாம் பட்டது. ஒரே நேரத்தில். புருஷன் போன அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்தது. பிள்ளையின் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். சோப்பைப் போட்டுப் பிள்ளையின் கையைத் தேய்த்தாள். தோலிலும் அதே ஐந்து விரல் சிவப்பு. எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்தாள், உப்பை வைத்துத் தேய்த்தாள். தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. சிவப்பு குறையவில்லை. இவள் அழுதுகொண்டே தேய்த்தாள்... சர்... சர்...

மகள் கையை உருவிக்கொள்ளவில்லை. தூக்கம் கலையாத கண்ணோடு அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு கையால் அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதம்மா. வலிக்கல... அப்பா மெதுவாத்தான் இழுக்கிறாரு."