டி.வி. வந்து தூக்குமா?

நான் பத்தாவது வரை படித்தவள். எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துவிடுங்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மின்சார ரயிலில் எதிர் சீட்டு அம்மா சொன்னது மனதை விட்டுப் போகவில்லை.

“என் வீட்டுக்காரர் செத்தா டி.வி.யா வந்து தூக்கும், ஸ்டெல்லாக்கா?”

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லாக்கா அவர் வாயைப் பொத்தினார்.

“என்ன பேச்சுடி இது! திங்கக்கிழமை ஆபரேஷனை வச்சுக்கிட்டு!”

“பயமா இருக்குக்கா. கொரோனா டைம்ல டி.வி.ல ஆராதனை பாக்க ஆரம்பிச்சோம், அப்படியே இருந்துட்டோம். நம்ம பீர்க்கன்கரணை சர்ச்சுக்கு வந்திருக்கிற புது பாஸ்டருக்கு எங்க மூஞ்சியே தெரியாது.”

“நாளைக்கு வா. வியாதிக்காரங்களுக்கு ஜெபம் பண்றப்போ உன் வீட்டுக்காரர் தேவராஜ் பேரையும் சொல்லச் சொல்லலாம்.”

“காரியம்னா மட்டும் வர்றா பாருன்னு பேசுவாங்களே.”

“பேசுவாங்க. நானே பேசுவேன். பேசிட்டு ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்ல காபியும் எடுத்துட்டு வருவேன். உன் டி.வி. எடுத்துட்டு வருமா?”

அந்த அம்மா சிரிக்கவில்லை.

“மனுஷங்க பேசட்டும்க்கா. ஆண்டவரும் அப்படியே நினைச்சுட்டா?”

பெருங்களத்தூரில் நானும் இறங்கினேன்; அவர்கள் இருவரும் முன்னால் போய்விட்டார்கள்.

அந்த சர்ச் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. மறுநாள் ஆராதனை தொடங்கி வெகுநேரம் ஆகியும் அந்த அம்மா முக்காடு போட்டபடி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். மைக்கில் பாஸ்டர் வியாதிக்காரர்களுக்காக ஜெபம் செய்தார். அதில் சகோதரர் தேவராஜ் என்ற பேரும் வந்தது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.