நாலாம் இலைக்கு மேல்

டேலியாக் கிழங்கை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு அதன் தலை எது, வால் எது என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஐந்து கிழங்கில் இரண்டைத் தலைகீழாகப் புதைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தோண்டித் திருப்பி வைத்தேன். நீங்கள் கேட்டது இதைப் பற்றி இல்லை என்று தெரியும், மேடம். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

நேற்று உங்கள் கல்லூரியிலிருந்து கூப்பிட்டு, "ஆறு மாசம் முன்னாடி இடம் வேண்டாம்னு போன்ல சொன்னது உங்க தங்கச்சிதானா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். மன்னியுங்கள், எழுத்தில் சொல்கிறேன். அந்நியர்களிடம் எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டதும் அதனால்தான். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்கள், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா என்னை வாயில்லாப் பூச்சி என்பார். தங்கை எனக்கும் சேர்த்துப் பேசுவாள். கடையில், பஸ்ஸில், டாக்டரிடம் எல்லாம் எனக்கு எங்கே வலிக்கிறது என்று அவள்தான் சொல்வாள்.

விதைக்கடைக்கும் அவள்தான் கூட வந்தாள். குளிர் இன்னும் விடவில்லை. வெளியே நட்டால் கிழங்கு விறைத்துப்போகும், ஆறு வாரம் வீட்டுக்குள் வைத்து முளைக்க விடணும் என்றார் கடைக்காரர். தங்கை கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள்.

"ஏம்மா, வளக்கப்போறது நீயா, அவளா?"

"வளக்கறது அக்கா. வாய் வாடகைக்கு விட்டது நான்."

அவர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். முளை விடும் கண் இருக்கும் பக்கம் மேலே இருக்கணும். மண் ஈரமாக இருந்தால் போதும், முளை தெரிகிறவரை தண்ணீர் ஊற்றக் கூடாது. "அப்புறம் ஒண்ணு. நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிடணும். பாவம் பாத்தீங்கன்னா ஒத்தையா நெட்டுக்குப் போயி சாஞ்சிடும். கிள்ளினா பக்கத்துல கிளைச்சு, செடி நிறையப் பூக்கும்."

பழைய பெயின்ட் டப்பாக்களில் ஆணியால் ஓட்டை போட்டு நட்டேன். பாசம் தாங்காமல் ஒன்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன், அது அழுகிப்போயிற்று. மிச்சம் நான்கு. எங்கள் அறையில் வெயில் விழும் ஜன்னல் ஒன்றுதான், அங்கே தங்கையின் படிப்பு மேஜை இருந்தது. நான் கேட்கக்கூட இல்லை. "உன் பிள்ளைங்க வெயில் காயட்டும்" என்று அவளே மேஜையை இருட்டு மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவ்வளவு நல்ல பெண்.

உங்கள் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த பிறகு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள வெளியூர் காலேஜ் கேக்குதா?" என்று அப்பா கிண்டல் செய்தார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான். அம்மா வேலை முடிந்து வரும்போதே பெட்டி ஒன்று வாங்கி வந்துவிட்டாள். நான்கு வருஷம் வெளியூர். அறை முழுக்க உனக்குத்தான் அக்கா, என்றாள் தங்கை. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

நுனி கிள்ளிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். முதல் செடியைக் கிள்ளுவதற்கு முன் இலைகளை மூன்று தடவை எண்ணினேன். இரண்டாவதில் பழகிவிட்டது. மூன்றாவதின் நுனி விரலில் இருக்கும்போது போன் அடித்தது. எடுத்தேன். நீங்கள் தங்கையின் பெயரைச் சொல்லி, "நீங்கதானேம்மா?" என்றீர்கள்.

ஆமாம் என்றேன்.

இடம் கிடைத்திருக்கிறது, சேருகிறீர்களா என்று கேட்டீர்கள். வீட்டை விட்டு வர எனக்கு விருப்பமில்லை, வரிசையில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள், அவர்களாவது நன்றாக இருக்கட்டும் என்றேன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. "நல்லா யோசிச்சீங்களாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். "இவ்வளவு தெளிவாப் பேசற பொண்ணை விட மனசு வரல" என்றுகூடச் சொன்னீர்கள். என் பேச்சை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்கப் பாடிக்கொண்டே வீட்டு வேலை செய்தேன்.

சாயந்திரம் அவளிடம் இடம் இல்லையாம் என்று சொன்னேன். இரண்டு நாள் அழுதாள். தலை கோதிவிட்டேன். பிறகு பாருங்கள், எப்படிக் கிளைத்தாள் என்று. கண்ணாடிக் கடையில் வேலை, சாயந்திரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம், ஞாயிற்றுக்கிழமை தையல். வீடு கலகலவென்று இருக்கிறது. விதைக்கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

போன் வந்த அமளியில் நான்காவது செடியைக் கிள்ள மறந்துவிட்டேன். குளிர் விட்டதும் நான்கையும் வெளியே வேலியோரம் மாற்றி நட்டேன். மற்ற மூன்றும் புதராக மண்டி, கைக்கு அடக்கமாகப் பூத்தன. அது மட்டும் ஒற்றைத் தண்டாக வளர்ந்து வேலியைத் தாண்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரே ஒரு சிவப்புப் பூ விட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அக்கா, இது சாயவே இல்லையே. கடைக்காரர் சும்மா பயமுறுத்தியிருக்காரு" என்றாள் தங்கை. கொஞ்ச நேரம் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே போய் உங்களுக்குக் கடிதம் எழுதினாள், போன தடவை எங்கே குறைந்தேன் என்று கேட்டு.

மறுநாள் அந்தச் செடி முறிந்து கிடந்தது. காற்றடித்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அன்று காற்று இல்லை. உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவள் மேல் எனக்குப் பொறாமையோ கோபமோ கிடையாது, மேடம். அவள் நன்மைக்குத்தான் செய்தேன். அவளிடம் இதைச் சொல்லி மனதை நோகடிக்க வேண்டாம். இந்தத் தடவையும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். கடிதம் எல்லாம் வேண்டாம். காலை பதினோரு மணிக்கு மேல் போன் செய்யுங்கள். அப்போது அவள்தான் எடுப்பாள், நன்றாகவே பேசுவாள். வீட்டில் அந்த நேரம் நான் மட்டும்தான் இருப்பேன்.