பக்கத்து சீட்டு மாஸ்டர்

மாஸ்டர்: கிளச்ச விடு மாப்ள... மெதுவா... மெதுவா... ஐயோ!

வக்கீல்: பிரேக்க மிதிக்கறதே நீங்கதான் மாமா! உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்குன்னு கண்டபடி மிதிச்சா, நான் எப்படி ஓட்டறது?

மாஸ்டர்: பழக்கம்டா. இந்த சீட்டுல உக்காந்தா கால் தானா போகுது.

வக்கீல்: கால் சரி. இன்னிக்கு கோர்ட்டுல வாயும் தானா போச்சே!

அக்கா: டேய் தம்பி, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அவரை விடேன். லைசென்ஸப் பறிகொடுத்துட்டு வர்ற மனுஷன்.

வக்கீல்: எப்படிக்கா விடறது? வீட்டுலயே ஒரு வக்கீல் மச்சான வெச்சுக்கிட்டு, 'எனக்கு நானே வாதாடிக்கிறேன்'னு கூண்டுல ஏறினாரே... நான் பின்னால உக்காந்து வேடிக்கை பாத்தேன்.

மாஸ்டர்: டிரைவிங் ஸ்கூல் வெச்சு ஊருக்கே ரோட்டுச் சட்டம் சொல்லிக் குடுக்கறவன்டா நான். எனக்குத் தெரியாத சட்டமா?

வக்கீல்: அதான் தெரிஞ்சுதே! ஜட்ஜம்மா கேட்டது ஒரே கேள்வி. 'கார் எப்படி பேக்கரிக்குள்ள போச்சு?'

மாஸ்டர்: பதில் சொன்னேன்.

வக்கீல்: பதிலா அது? பாடம்! 'கிளச்ச மிதிக்கல, பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சாச்சு, இப்படி ஓட்டறவங்கள நான் டெஸ்டுக்கே அனுப்ப மாட்டேன்'னு... எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவ மூடி வெச்சுட்டார்.

அக்கா: ஏங்க, ஆக்சிலேட்டர் விஷயத்த அங்க சொல்லித்தான் ஆகணுமா?

மாஸ்டர்: தப்புன்னா தப்புதானே... யார் காலா இருந்தா என்ன.

வக்கீல்: நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அதோட விட்டீங்களா? பேக்கரிக்காரரக் குறுக்கு விசாரணை வேற! 'கார் வேகமா வந்துச்சா?'ன்னீங்க. 'இல்லீங்க, மெதுவா வந்து நின்னுச்சு'ன்னார். தங்கமான பதில். அங்கயே உக்காந்திருக்கணும்.

மாஸ்டர்: உக்காரத்தான் போனேன்...

வக்கீல்: போனவரு திரும்பி, 'அப்புறம் கேக் ஏன் நசுங்குச்சு?'ன்னு கேட்டீங்க. 'நின்ன கார் மறுபடி பாஞ்சுதுங்க'ன்னுட்டார். பதில் தெரியாத கேள்விய கோர்ட்டுல கேக்கவே கூடாது மாமா!

மாஸ்டர்: நல்லவேளை, மனுஷன் மேசைக்கு அடியில பூந்துட்டதால ஒன்னும் பாக்கல.

வக்கீல்: எத பாக்கல?

மாஸ்டர்: அது... கேக் நசுங்குனத. நீ இண்டிகேட்டர் போடு.

வக்கீல்: பேச்ச மாத்தாதீங்க.

மாஸ்டர்: மாத்தல. வண்டி திரும்புது, இண்டிகேட்டர் போடு!

வக்கீல்: போட்டாச்சு... ஏன்க்கா, லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னால நான் டெஸ்ட்ல ரெண்டு தடவ கோட்டை விட்டப்ப கல்யாண வீடெல்லாம் சொல்லிச் சிரிச்சியே. இப்ப மாஸ்டரே பேக்கரிக்குள்ள! எங்க, இப்ப சிரி பாப்போம்!

அக்கா: அதெல்லாம் பழைய கதை. ரோட்டப் பாரு.

வக்கீல்: ஆறு மாசம் இவர் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. ஸ்கூலுக்குப் பூட்டுதான்.

மாஸ்டர்: ஃபீஸ் கட்டினவங்களுக்கு என்ன பதில் சொல்றது மாப்ள?

வக்கீல்: இத்தனைக்கும் இது ஊதித் தள்ளற கேஸ்! எல் போர்டு போட்ட கார். பழகறவங்க யாராவது ஓட்டியிருந்தா, 'கத்துக்கற கைங்க, பக்கத்துலயே மாஸ்டர் இருந்தார், அவர்தான் பிரேக் போட்டார்'னு ரெண்டு வார்த்தை. எச்சரிச்சு அனுப்பியிருப்பாங்க. கடை நஷ்டத்த இன்சூரன்ஸ் பாத்துக்கும். மாஸ்டரே இடிச்சதாலதான் லைசென்ஸ் போச்சு.

அக்கா: ...என்னது?

மாஸ்டர்: மாப்ள... இன்னொரு தடவ சொல்லு.

வக்கீல்: பழகறவங்க ஓட்டியிருந்தா லைசென்ஸ் போயிருக்காது. ஏன் ரெண்டு பேரும் இந்த முழி முழிக்கறீங்க?

மாஸ்டர்: இத நீ மொதல்லயே சொல்லக் கூடாதா!

வக்கீல்: நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? விசாரணை தேதியே நேத்துதான் எனக்குத் தெரியும்! வக்கீல்னா குடைஞ்சு குடைஞ்சு கேப்பான்னு பயம்.

அக்கா: கேப்பேல்ல!

வக்கீல்: கேட்டாத்தானக்கா காப்பாத்த முடியும்?

மாஸ்டர்: ஏம்மா, சொல்லிடவா?

அக்கா: வேணாங்க... குடுத்த வாக்கு என்ன?

மாஸ்டர்: வாக்கக் காப்பாத்தித்தான் ஸ்கூல் போச்சு. மாப்ள, அப்பீல் போடலாமா?

வக்கீல்: போடலாம். ஆனா புதுசா என்ன சொல்றது? போகட்டும், அக்காவுக்காவது நீங்க அப்பவே ஓட்டக் கத்துக் குடுத்திருந்தா, இப்ப இந்தக் கார எடுக்கவாவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

அக்கா: தம்பி... வண்டிய ஓரமா நிறுத்து. சிரிக்க மாட்டேன்னு முதல்ல சத்தியம் பண்ணு.

வக்கீல்: சரி, சத்தியம். சொல்லு.

அக்கா: அவர் எனக்குக் கத்துக் குடுத்துக்கிட்டிருந்தப்பதான்டா, அந்த பேக்கரி குறுக்க வந்துச்சு.