எனக்கும் இல்லை என்று வந்த ஜீன்

என் பெயர் இளமதி, வயது 31, த/பெ தேவநாதன். சொந்த ஊர் நெல்லிக்குப்பம். சிதம்பரம் கனகசபை நகரில் வாடகைக்குக் குடியிருந்து, அங்குள்ள தனியார் மரபணு ஆய்வகத்தில் வேலை செய்துவருகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மருத்துவமனையில் கலாட்டா செய்ததாக என்மீது வந்துள்ள புகார் மனு விசாரணையில் சொல்வதாவது:

கடலோர கிராமத்தைச் சேர்ந்த பாண்டியன், வெண்மதி தம்பதியின் முதல் குழந்தை தசை நோயால் தலை நிற்காமலேயே இறந்தது. வெண்மதி மறுபடி கருவுற்றதால், பனிக்குட நீர் எங்களிடம் சோதனைக்கு வந்தது. தசை வலுவுக்கு உரிய ஜீன் இல்லை, குழந்தைக்கு அதே நோய் என்று ரிப்போர்ட் போனது. அதன் பேரில் கருவைக் கலைக்க இன்று மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

சோதனையில் வரும் மரபணு வரிசைத் துண்டுகளை ஒரு மென்பொருள், முன்பே வைத்திருக்கும் மாதிரி வரிசையோடு பொருத்தி, எது எந்த ஜீனில் சேரும் என்று சொல்லும். இந்த ஜீனுக்கு அச்சு அசலாக இன்னொரு ஜீன் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டிலும் பொருந்தும் துண்டை மென்பொருள் சந்தேகத் துண்டு என்று குறிக்கும். ரிசல்ட் சுத்தமாக வரட்டும் என்று, சந்தேகத் துண்டை எல்லாம் தள்ளிவிடும்படி சமீபத்தில் மாற்றிவைத்தார்கள். தள்ளினால் அந்த இடம் காலி. காலியாக இருந்தால் ஜீன் இல்லை என்று தானாக அச்சாகும்.

ஒப்பிடுவதற்காக எங்களில் ஒருவருடைய இரத்தத்தையும் சேர்த்து ஓட்டுவது வழக்கம். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இந்த முறை என் இரத்தம். இன்று காலை எதேச்சையாகத் திறந்தேன். எனக்கும் அந்த ஜீன் இல்லை என்றிருந்தது. அது உண்மையானால் நான் கைக்குழந்தையிலேயே போயிருக்க வேண்டும். அப்படியானால் வெண்மதி குழந்தையின் ரிப்போர்ட்டையும் நம்ப முடியாது.

அதன் பிறகு ஆய்வக உரிமையாளர் சுப்புராயனிடம் சொன்னேன். அவர், "திங்கக்கெழம பாக்கலாம். இப்ப வெளிய சொன்னா லேப்ப இழுத்து மூட வேண்டிதான்" என்றார். வயிற்றில் இருப்பது திங்கட்கிழமை வரை இருக்குமா என்று கேட்டேன். அதன் பிறகு கம்ப்யூட்டரிலிருந்து பாண்டியனின் எண்ணை எடுத்தேன். அது விதிப்படி தவறு. பலமுறை அடித்தும் அவர் எடுக்காததால் பஸ் ஏறிக் கடலூர் வந்தேன்.

மருத்துவமனையில் டாக்டரம்மா, ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தால்தான் நிறுத்த முடியும் என்றார். பாண்டியன், "ஏம்மா, எங்களப் பாத்தா எப்பிடி இருக்குது? அன்னிக்கி இல்லன்னு அடிச்சி சொன்னீங்க. இன்னிக்கி தெரியலன்றீங்க" என்றார். அவர் கேட்டது நியாயம். நான், "கொழந்த நல்லா இருக்கும்னு சொல்ல எனக்குத் தெரியலண்ணே. எங்க டெஸ்ட்டு குருடு. வேற எடத்துல ஒரு தடவ பாத்துடுங்க" என்றேன். வெண்மதி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபரேஷனுக்காக வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்குட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு நிதானம் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவை மறித்து நின்றேன். காவலாளி இழுத்தார். அந்தத் தள்ளுமுள்ளில் கதவுக் கண்ணாடி உடைந்தது என்னால்தான். அதன் பிறகு என்னை நிலையத்துக்கு அழைத்துவந்தார்கள். மறிக்க ஆளில்லாமல் அந்தக் கதவு இப்போது காலியாக இருக்கிறது.

மேலே சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. என்னை உள்ளே வையுங்கள், வேலை போனாலும் போகட்டும். முதலில் மருத்துவமனைக்கு ஒரு போன் போடுங்கள். அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன்.

நிலைய எழுத்தர் குறிப்பு: மேற்படியார் கையெழுத்திட மறுத்து அழுதபடி இருந்ததால், ஆய்வாளர் உத்தரவின்பேரில் மருத்துவமனைக்குப் பேசப்பட்டது. அங்கே போனைப் பாண்டியனிடம் கொடுத்தார்கள். மனைவியை அழைத்துப்போக ஸ்ட்ரெச்சர் வந்திருப்பதாகவும், தான் அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும் சொன்னார். அதன் பிறகு, "அந்தப் பொண்ணு எங்ககிட்ட சொன்னத கையெழுத்துப் போட்டுக் குடுக்குமா சார்?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மேற்படியார் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

(ஒப்பம்) தே. இளமதி