முந்திச் சொன்ன தேதி

அம்மா: மெதுவாப் பேசுங்க. குளியலறைக் கதவு வெறும் தகரம். உள்ள அத்தனையும் கேக்கும்.

அப்பா: அண்ணன் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிக்கிட்டிருக்கார். இடி விழுந்தாலும் கேக்காது. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு என்ன கிழமை?

அம்மா: புதன்.

அப்பா: நம்ம பொண்ணு கல்யாணம் என்னைக்கு?

அம்மா: இதென்ன கேள்வி? வர்ற ஞாயிறு.

அப்பா: அப்போ எங்கண்ணன் எதுக்கு புதன்கிழமை விடிஞ்சும் விடியாம புதுச்சட்டையை மாட்டிக்கிட்டு, பொண்டாட்டியையும் பெட்டியையும் இழுத்துக்கிட்டு வந்து, “மாப்பிள்ளை வந்தாச்சா”ன்னு வாசல்ல நின்னாரு?

அம்மா: உங்கண்ணன். நீங்க கேளுங்க.

அப்பா: கேட்டேனே! “தேதி சொன்னீங்க, வந்துட்டோம்”ங்கறார். நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்றார். தன் கல்யாணத்துக்கே எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் வந்து சேர்ந்த மனுஷன்... இந்த ஒரு தடவை நேரத்துக்கு வந்து தொலைச்சிருக்கார்.

அம்மா: நீங்க என்ன தேதி சொன்னீங்க?

அப்பா: அது வந்து...

அம்மா: வந்துதான் நிக்கறாரே, சொல்லுங்க.

அப்பா: வெள்ளின்னு சொன்னேன்.

அம்மா: வெள்ளியா? ஏங்க, ஞாயிறு எங்க, வெள்ளி எங்க?

அப்பா: ஜல்லி லாரிக்காரனுக்கு எப்படிச் சொல்லுவோம்? திங்கக்கிழமை வேணும்னா சனிக்கிழமைன்னு சொல்லுவோம். அப்பத்தான் திங்களுக்காவது வண்டி வரும். உள்ளதைச் சொன்னோம்னா, சட்டியும் கையுமா ஆளுங்க ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். எங்கண்ணனும் அந்த லாரி மாதிரிதானே?

அம்மா: நல்லாருக்கு. கூடப் பொறந்தவரையும் ஜல்லியையும் ஒரே வண்டியில ஏத்திட்டீங்க.

அப்பா: சரி, நான் சொன்னது வெள்ளி. புதன் எங்கேயிருந்து முளைச்சுது?

அம்மா: அக்காகிட்ட, உங்க அண்ணிகிட்டத்தான், நானும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன்.

அப்பா: என்ன வார்த்தை?

அம்மா: புதன்னு ஒரு வார்த்தை.

அப்பா: அடிப்பாவி!

அம்மா: கத்தாதீங்க. நீங்க முந்திச் சொல்லியிருப்பீங்கன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அக்கா ஒரு சேலையை எடுத்து உதறி, மடிச்சு வெச்சு, வேற சேலை எடுக்கறதுக்குள்ள சூரியன் மேற்க போயிடும். அதான் கொஞ்சம் தாராளமா முன்னாடி வெச்சுச் சொன்னேன்.

அப்பா: நான் ஒரு தேதி, நீ ஒரு தேதி...

அம்மா: அவங்க ரெண்டுல முந்தினதை எடுத்துக்கிட்டாங்க. “ஊர் வாயில விழுந்தது போதும், இந்தக் கல்யாணத்தையாவது மொதல்லேர்ந்து பாத்துடணும்”னு சபதமாம். காபி குடிக்கறப்ப அக்கா சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படறாங்க.

அப்பா: போன் அடிக்குது பாரு.

அம்மா: என் தம்பிதான்... ம், சொல்லுடா... எங்கே?... பஸ் ஸ்டாண்டுலயா? எல்லாருமா?... இல்லடா, சந்தோஷம்தான்... அழல, வெங்காயம் உரிக்கிறேன்... வா, வா.

அப்பா: அவனுக்குமா? அவன் கடிகாரத்தை முழுங்கிட்டுப் பொறந்தவனாச்சே! அவனுக்கு எதுக்குடி புதன்?

அம்மா: அவன் வருவான். அவன் பொண்டாட்டி வரணுமே! அவளுக்குச் சேர்த்துத்தான் சொன்னேன்.

அப்பா: நெனப்புதான் பொழப்பைக் கெடுக்குது. பாயி எத்தனை இருக்கு நம்மகிட்ட?

அம்மா: பாயை விடுங்க. ஞாயிறு வரைக்கும் இவங்களுக்கு என்ன பதில் சொல்றது? கார்டு ஒண்ணு கையில இருந்திருந்தா இந்த வம்பே இல்ல. உங்க பொண்ணைக் கேட்டா, “அச்சகத்துல நாளைக்குத் தரேங்கறான், நாளைக்குத் தரேங்கறான்”னு பாட்டுப் பாடறா. அந்தப் பக்கம் சம்பந்தியம்மா என்னடான்னா, “இன்னும் நாள் இருக்கே, மெதுவாப் பாத்துக்கலாம்”கறாங்க. இப்படியும் ஒரு அலட்சியமா? எல்லாப் பாரமும் என் தலையிலதான்.

அப்பா: ம்.

அம்மா: என்ன ம்? லீவு சொல்லியாச்சுன்னு பேரு. தினம் கைகால்ல சிமெண்டோட வந்து நிக்கறீங்க. எங்கே போறீங்கன்னா, “ஒரு தரை வேலை”ன்னு முணுமுணுக்கறீங்க. ஞாயித்துக்கிழமையும் தரை, தளம்னு கிளம்பினீங்க...

அப்பா: கிளம்பமாட்டேன்.

அம்மா: சத்தியமா?

அப்பா: ஷ்ஷ்... பாப்பா வர்றா. அவ காதுல எதுவும் போட வேணாம்.

மகள்: ஏம்மா, வாசல்ல யாரோட செருப்பு?

அம்மா: பெரியப்பா வந்திருக்காருடி. சும்மா... பாத்துட்டுப் போலாம்னு.

மகள்: பெட்டியோடயா?

அப்பா: பெரிய பெட்டி இல்லம்மா.

மகள்: பெரியம்மா கூடத்துல உக்காந்து தலைக்குப் பூ வெச்சுக்கறாங்க. என்னைப் பாத்து, “என்னடி, கல்யாணப் பொண்ணு இன்னும் நைட்டியோட நிக்கறே”ன்னாங்க. என்ன தேதி சொல்லி வெச்சிருக்கீங்க?

அம்மா: கொஞ்சம் முன்னாடி. உன் மாமாவும் வந்துக்கிட்டிருக்கான்.

மகள்: ஐயோ... கார்டு வந்தப்புறம் நானே எல்லாருக்கும் சொல்லிக்கறேன்னேனே! யாரைக் கேட்டுச் சொன்னீங்க?

அம்மா: யாரைக் கேக்கணும்? ஆளுங்களுக்கு வேலை இருக்கு, லீவு கேக்கணும், டிக்கெட் எடுக்கணும். முன்கூட்டியே சொல்லி வைக்கறதுதான் மரியாதை. நேத்துச் சொல்லி இன்னைக்கு வான்னா எவன் வருவான்?

மகள்: மொத்தக் குடும்பத்தையும் கூப்பிட்டுட்டீங்களா?

அம்மா: எல்லாரும் ஞாயிறு வரைக்கும் இருப்பாங்க. கொஞ்சம் நெருக்கியடிச்சுப் படுத்துக்குவோம். நீ ஏன்டி தலையைப் புடிச்சுக்கிட்டு உக்கார்றே?

மகள்: ஞாயிறோட முடியாதும்மா.

அம்மா: என்ன முடியாது?

மகள்: கல்யாணம் இந்த ஞாயிறு இல்ல. அடுத்த ஞாயிறு.

அம்மா: என்னடி சொல்றே! மாத்திட்டாங்களா? மாப்பிள்ளை வீட்ல ஏதாவது...

மகள்: யாரும் மாத்தல. மொதல்லேர்ந்தே அடுத்த ஞாயிறுதான். அவங்களுக்கு, என் ஃபிரெண்ட்ஸுக்கு, எல்லாருக்கும் சரியாத்தான் சொன்னேன். உங்களுக்கு மட்டும்... கார்டும் வந்தாச்சு. பீரோவுக்கு மேல வெச்சிருக்கேன்.

அம்மா: பெத்தவங்களுக்கே பொய்த் தேதியா? அடியே, இது அடுக்குமா?

மகள்: நீங்க பெரியப்பாவுக்குச் சொன்னீங்களே, அது மாதிரிதான்.

அம்மா: அதுவும் இதுவும் ஒண்ணா? அவர் எப்பவும் பிந்தி வர்றவரு!

மகள்: அப்பா மட்டும் நேரத்துக்கு வர்றவரா? பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினப்ப வந்தாரா? பட்டம் வாங்கினப்ப? மாப்பிள்ளை வீட்ல எல்லாரும் மொத மொதலா நம்ம வீட்டுக்கு வந்தாங்களே, அன்னைக்கு? அவங்க எழுந்து போனப்புறம் வந்து, “தளம் போட ஆரம்பிச்சா பாதியில நிறுத்த முடியாதும்மா”ன்னார். தெரியும், நிறுத்த முடியாது. நல்லாத் தெரியும். அதான், இந்த ஞாயிறுன்னு சொன்னா இழுத்துப் பறிச்சு அடுத்த ஞாயிறுக்காவது வந்துடுவார்னு...

அம்மா: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி.

மகள்: உன்கிட்டச் சொன்னா தெருமுனை வரைக்கும் போயிடும்.

அம்மா: ஏங்க, நாலு வார்த்தை கேளுங்க அவளை.

மகள்: திட்டுங்கப்பா. திட்டிட்டு, அன்னைக்கு மட்டும் வந்துடுங்க. வேற எதுவும் வேணாம்.

அப்பா: திட்டுறதுக்கு என்ன இருக்கு... எனக்குத் தெரியுமேம்மா.

அம்மா: என்ன தெரியும்?

அப்பா: இந்த ஞாயிறு இல்லன்னு.

அம்மா: தெரிஞ்சேவா இவ்வளவு நேரம் என்கூட மல்லுக்கு நின்னீங்க! அங்க ஒருத்தர் புதுச்சட்டை போட்டுக்கிட்டு...

அப்பா: அண்ணனுக்குச் சொன்னப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. மாத்திச் சொன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு இவளுக்குத் தெரிஞ்சுடும். பொண்ணு தலை குனிய வேண்டி வரும். அவளா சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

மகள்: யாருப்பா சொன்னாங்க உங்ககிட்ட?

அப்பா: யாரும் சொல்லல. இந்த ஞாயிறு உன் கல்யாண மண்டபத்துல எப்படிம்மா கல்யாணம் நடக்கும்? சமையல்கட்டுத் தரையைப் பேத்துப் போட்டவனே நான்தானே. நேத்துதான் பூசி முடிச்சு, தண்ணி கட்டி விட்டிருக்கேன், இந்த ஞாயிறுக்குள்ள இறுகாது. மண்டபத்து நோட்டுல அடுத்த ஞாயிறுக்குத்தான் உன் பேர் இருக்கு, அதுக்குள்ள இறுகிடும். மேஸ்திரிகிட்ட ரெண்டு ஞாயிறும் வரமாட்டேன்னுட்டேன்... நீ சொன்ன தேதிக்கு ஒண்ணு, மண்டபத்துத் தேதிக்கு ஒண்ணு.