கேனின் பின்பக்கம்

ஆயில் வாங்கும்போது கேனின் முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. முன்பக்கத்தில் ஒரு கார் பறக்கும், கொஞ்சம் நெருப்பு எரியும், அவ்வளவுதான். விஷயமெல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எவ்வளவு மெல்லியது, எந்த இன்ஜினுக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று. கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படித்துவிட வேண்டும். முப்பத்தோரு வருடமாக நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் மகளும் மருமகனும் போன கார் மலையிறக்கத்தில் ஏன் நிற்காமல் போனது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆயிலில் இருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் பட்டறை சின்னது. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் உள்ளே நிற்கும். அக்கம்பக்கத்தில் என்னை டாக்டர் என்பார்கள். கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயில் மாற்றினால், ஓர் அட்டையில் தேதியையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் ஊற்றிய ஆயிலின் பெயரையும் எழுதி, பானெட்டுக்கு அடியில் கம்பியால் கட்டிவிடுவேன். நாளைக்கு வண்டி வேறொருவன் கைக்குப் போனால் அவன் குழம்பக் கூடாது. அந்த அட்டையில் இதுவரை நான் பொய் எழுதியதில்லை.

மருமகன் பல் டாக்டர். நல்ல மனிதர், என் மகளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரி பேசுவார் என்பது ஒன்றுதான் குறை. "ஒரு வீட்டுல ரெண்டு டாக்டர் எதுக்கு மாமா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர்கள் வாங்கிய காரில் டைமிங் பெல்ட் இன்ஜினுக்கு உள்ளேயே, ஆயிலில் நனைந்தபடி ஓடும். ரப்பர் பெல்ட். அதற்கென்று ஒரே ஒரு மெல்லிய ஆயில்தான் உண்டு. வேறு எதை ஊற்றினாலும் ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த துணுக்குகள் கீழே இருக்கும் சல்லடையை அடைக்கும். சல்லடை அடைத்தால் இன்ஜினுக்கு ஆயில் ஏறாது. பிரேக்கை மிதிக்கும் காலுக்கு உதவி செய்கிற பம்ப்பும் அதே ஆயிலை நம்பித்தான் இருக்கிறது. இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது. மாதக்கணக்காகும்.

முதல் தடவை ஆயில் மாற்ற இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள்.

"கெட்டி ஆயிலா ஊத்துங்க மாமா. அதுதான் இன்ஜினைக் காப்பாத்தும்னு என் ஃப்ரெண்டு சொன்னான்."

"இந்த வண்டிக்கு அது ஆகாது மாப்பிள்ளை. பெல்ட் ஊறிப்போயிடும்."

"ஊறட்டும்னுதானே மாமா பெல்ட்டை ஆயிலுக்குள்ளயே வெச்சிருக்கான்?"

நான் என் மகளைப் பார்த்தேன். தாயில்லாமல் அந்தப் பட்டறையில் வளர்ந்தவள் அவள். பத்து வயதிலேயே ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவாள். அவளுக்குத் தெரியாதது இல்லை.

"அப்பா, அவர் சொல்றதையே ஊத்துங்களேன். ஒரு ஆயிலுக்கு இவ்வளவு பேச்சா?" என்றாள்.

வலித்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வலித்தது. கேட்டதை ஊற்றினேன், ஊற்றியதை அட்டையில் எழுதினேன். அதுவரை என்மேல் தப்பில்லை, நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஆறு மாதம் கழித்து வண்டி வந்தபோது சல்லடையைக் கழற்றிப் பார்த்தேன். ஈரத் தேயிலைத் தூள் மாதிரி கருப்பாக ரப்பர் ஒட்டியிருந்தது. கொஞ்சம் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்து, அன்று மதியம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கண்ணால் பார்த்தால் நம்புவார் அல்லவா. மேஜையில் அவருடைய நண்பர்கள் நான்கு பேர் இருந்தார்கள். நான் தட்டை வாங்கக் கை நீட்டினேன்.

"மாமா, கை கழுவிட்டீங்களா, இல்ல அது பெயிண்ட்டா?" என்றார் மருமகன்.

முப்பது வருடக் கறை சோப்புக்குப் போகாது. எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது என் மகள். விளையாட்டுப் பேச்சுதான், தெரியும். நான் கோபக்காரன் இல்லை. சாப்பிட்டு முடித்து, திரும்பும் வழியில் அந்தக் காகிதத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அன்றைக்கு வேறு எந்த முடிவும் எடுக்கவில்லை. இனி அவருக்குக் காட்ட வேண்டாம் என்று மட்டும்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சல்லடையைக் கழற்றுவேன், பார்ப்பேன், அப்படியே மாட்டிவிடுவேன். சுத்தம் செய்ய அரைமணி நேரம் போதும். செய்யவில்லை. சொன்னால் கேட்காதவன் பட்டுத்தான் திருந்துவான் என்பார்கள். படட்டும் என்று விட்டேன். ஏதோ ஒரு தெருவில் வண்டி நிற்கும், கயிறு கட்டி இழுத்து என் வாசலுக்குக் கொண்டுவருவார்கள், அவர் தலைகுனிந்து நிற்பார், என் மகள் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் காட்சி ஒன்றுதான். அதில் ரத்தம் எதுவும் இல்லை.

இப்போது நீங்கள் கேட்கிற நாளுக்கு வருகிறேன். விபத்துக்கு மூன்று நாள் முன்னால் மருமகன் தனியாக வந்தார். கையில் ஒரு புது கேன்.

"மாமா, வண்டியோட புத்தகத்தை நேத்துதான் படிச்சேன். நீங்க சொன்னதுதான் போட்டிருக்கு. ரெண்டு வருஷமா உங்க பேச்சைக் கேக்காம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

கேனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, "மாமா சொன்னதேதான்" என்று எழுதியிருந்தார். அதை நீங்கள் என் அலமாரியில் இருந்து எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் வாயால் சொல்லி இரண்டு வருடம் ஏறாதது, அச்சில் பார்த்ததும் ஏறிவிட்டது. அவர் நம்பியது புத்தகத்தை, என்னை இல்லை. மன்னிப்புக் கேட்டதும் தனியாக வந்து. மேஜையில் சிரித்தவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை, என் மகளும் இல்லை. "சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்று அனுப்பினேன். கேனைத் திறக்காமல் அலமாரியில் வைத்தேன். பழையபடி கெட்டி ஆயிலையே ஊற்றினேன். சல்லடையில் விரல் நுழைய இடமில்லை. அதையும் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

பிறகு அட்டை. மெல்லிய ஆயில் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு என்மேல் சந்தேகமே வந்திருக்காது. பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. ஊற்றியதையே எழுதிக் கட்டினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதாக நீங்கள் சிரிக்கலாம். தொழிலில் நேர்மை என்று ஒன்று இருக்கிறது.

விபத்து நடந்த அன்று காலை பதினோரு மணிக்கு மேல் மருமகன் போன் செய்தார். வாரம் ஒருநாள் மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார்.

"மாமா, இறங்கிட்டு இருக்கேன். ஆயில் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியுது. ஓரமா நிறுத்திடட்டுமா?"

நிறுத்து என்பதுதான் பதில். வண்டி ஓட்டப் பழகுகிறவனுக்குக்கூட அது தெரியும். இன்ஜின் இறுகினால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும் என்பதும், அந்த ரோட்டில் எத்தனை வளைவு என்பதும் எனக்குத் தெரியும்.

"புது ஆயில்தானே மாப்பிள்ளை. சென்சார் கோளாறா இருக்கும். மெதுவா வாங்க, பார்த்துக்கலாம்" என்றேன்.

அவர் தனியாக இருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்போது பக்கத்தில் இருந்து என் மகளின் குரல் கேட்டது.

"அப்பாவே சொல்லிட்டாருல்ல. ஓட்டுங்க."

போன் வைக்கப்பட்டது.

அந்தப் போனுக்கும் விபத்துக்கும் நடுவில் பதினோரு நிமிடம் இருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். போன் கையிலேயே இருந்தது. நிறுத்தச் சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் நிறுத்து என்றால், ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் புருஷனை விட்டுவிட்டு என் பேச்சை எடுத்திருக்கிறாள். அதை நானே எப்படிப் பொய்யாக்குவது? ஸ்பேனர்களைத் துடைத்து அளவு வரிசையில் மாட்டினேன். மாட்டி முடிக்கும்போது யாரோ ஓடிவந்து சொன்னார்கள்.

மருமகன் இடுப்பு உடைந்து படுத்திருக்கிறார். கண் திறந்ததும், "மாமாவுக்குப் பக்குவமா சொல்லுங்க" என்றாராம். கெட்டி ஆயில் ஊற்றச் சொன்ன தன்னால்தான் அவள் செத்தாள் என்று ஐந்து நாளாக அழுதுகொண்டிருந்தார். நான் அவர் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

நான்தான் செய்தேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேண்டாததை நீங்கள் அடித்துவிடலாம். என் மகள் கடைசியில் என் பேச்சைத்தான் கேட்டாள் என்பதை மட்டும் அடிக்காதீர்கள்.